ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை: தஞ்சாவூர் அடுக்களையில் வெள்ளீயத்தின் கதை

தேர்வு முடிந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை ஒரு உலோகத்தின் வரலாறு. இதை எழுத வைத்தது பாடப்புத்தகம் அல்ல, எங்கள் வீட்டு ரசம்!

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம் ஒரு சின்னக் கிராமம். பாட்டி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறார். லீவுக்கு வந்திருந்த அக்கா, சென்னைக்குத் திரும்பும்போது தனக்கும் ஒரு ஈயச் சொம்பு வேண்டும் என்றாள். அவள் குழந்தைக்கு இரண்டு வயது. தினமும் ரசம் சாதம்தான் சாப்பாடு. அப்பாவும் நானும் போய் ஒரு சொம்பு வாங்கி வந்தோம். பாட்டி அதைக் கையில் வாங்கியதுமே, "ஏண்டா, இது இப்படிக் கனக்கிறது? பளபளப்பும் ஒரு மாதிரி இருக்கே" என்றார்.

மறுநாள் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"தம்பி, நீங்க ஈயச் சொம்புதானே கேட்டீங்க? இதுவும் ஈயம்தான்."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அகராதிப்படி அவர் சொன்னது பொய் இல்லை. பிரச்சினையே அதுதான்.

ஒரு பெயர், இரண்டு உலோகம்

தமிழில் 'ஈயம்' என்ற ஒரு சொல் இரண்டு தனிமங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். லத்தீனில் ஸ்டானம், அதனால் குறியீடு எஸ்என். அணு எண் 50. இன்னொன்று காரீயம். ஆங்கிலத்தில் லெட். லத்தீனில் பிளம்பம், குறியீடு பிபி. அணு எண் 82. இரண்டும் மென்மையானவை, இரண்டும் சீக்கிரம் உருகும், இரண்டும் காற்றிலும் தண்ணீரிலும் எளிதில் அரிக்கப்படாதவை. பழைய மனிதர்கள் இவற்றை அண்ணன் தம்பி என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ரோமானியர்களும் இதே மாதிரிதான் பெயர் வைத்திருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, டின்னை 'வெள்ளைப் பிளம்பம்' என்றும் லெட்டைக் 'கறுப்புப் பிளம்பம்' என்றும் எழுதுகிறார். வெள்ளீயம், காரீயம் என்பதற்கு அப்படியே நேர்!

ஆனால் வயிற்றுக்குள் போனால் இவை அண்ணன் தம்பி இல்லை. வெள்ளீயம் உணவில் துளி கலந்தாலும் உடம்பு அதைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் வெளியே தள்ளிவிடும். காரீயம் அப்படி அல்ல. அது எலும்பில் போய்த் தங்கும், மூளையைப் பாதிக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு அதை அதிகம் உறிஞ்சுகிறது. ரத்தத்தில் 'இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இன்னொரு கொடுமை, காரீயம் ருசியைக் கெடுக்காது. புளிப்பான பொருளோடு சேர்ந்தால் அது தரும் உப்புகள் இனிப்பாக இருக்கும். ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயம் உள்ள பாத்திரங்களில் சுண்டக் காய்ச்சி இனிப்புக் கூழ் செய்தார்கள். அது நஞ்சு என்று நாக்கு சொல்லவில்லை.

நம் மண்ணில் கிடைக்காத உலோகம்

காவிரி டெல்டா வண்டல் பூமி. நெல் விளையும், வாழை விளையும், உலோகத் தாது கிடையாது. வெள்ளீயத்தின் தாதுவுக்குக் காசிட்டரைட் என்று பெயர். இந்தியாவில் அது குறிப்பிடத்தக்க அளவில் கிடைப்பது இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில்தான். அதுவும் கொஞ்சம்தான். அப்படியானால் நம் ஊர் வெண்கலப் பானைக்கும் சாமி சிலைக்கும் இது எங்கிருந்து வந்தது?

கடல் வழியாகத்தான் நிறைய வந்திருக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல் வழிகாட்டி நூல், சேர நாட்டு முசிறிப் பக்கம் வந்து இறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது. இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லை, முத்தையும் மணிகளையும் கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள் என்று பிளினியும் எழுதி வைத்திருக்கிறார். செம்பு விஷயத்தில் அவர் சொன்னது தவறு. ஆனால் வெள்ளீயத்தைப் பொறுத்தவரை தென்னிந்தியாவுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும்.

பிறகு கிழக்குப் பக்கம் வருவோம். உலகத்தின் மிகப் பெரிய வெள்ளீயப் படுகைகளில் ஒன்று பர்மாவில் தொடங்கி, தாய்லாந்து, மலாய்த் தீபகற்பம் வழியாக இந்தோனேசியாவின் பங்கா தீவு வரை நீண்டு கிடக்கிறது. அந்த மலாய்க் கரையில்தான் நாம் வரலாற்றுப் புத்தகத்தில் படித்த கடாரம், அதாவது இன்றைய கெடா இருக்கிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்த செய்தி, நெதர்லாந்துக்குப் போன லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அடுத்து 1025இல் இராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்தான். அவன் ஈயத்துக்காகத்தான் போனான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் நாகப்பட்டினத்துக்கும் அந்தக் கரைக்கும் இடையே கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன என்பது நிச்சயம்.

ஒரு சொல்லும் இதற்குத் துணைக்கு வருகிறது. 9, 10ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர்கள் மலாய்க் கரையில் இருந்த 'கலா' என்ற இடத்தை வெள்ளீயம் கிடைக்கும் ஊராகக் குறிப்பிடுகிறார்கள். அது கெடாவாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அரபியில் வெள்ளீயத்துக்குக் 'கலயீ' என்ற பெயர் அந்த ஊரால் வந்தது என்று சொல்வார்கள். அது பாரசீகம், உருது வழியாக நம்மிடமும் வந்தது. பாத்திரத்துக்குக் 'கலாய் பூசுவது' என்று சொல்கிறோமே, அந்தக் கலாய்தான்! (நண்பர்கள் என்னைக் கலாய்ப்பது வேறு கலாய் :-))

ஆயிரம் ஆண்டு தாங்கிய சிலைகள்

செம்பு தனியாக உருக 1085 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். உருகினாலும் அச்சுக்குள் சரியாக ஓடாது, குமிழி விழும். அதில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும், அச்சின் சின்னச் சின்ன மூலைகளுக்கும் ஓடிப் பாயும், ஆறியபின் செம்பைவிடக் கடினமாக இருக்கும். அதுதான் வெண்கலம்.

இந்த வேலை தமிழ்நாட்டுக்குச் சோழர் காலத்தில் புதிதாக வந்ததல்ல. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் கிடைத்த மிகப் பழைய பாத்திரங்களில் சில, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளீயம் கலந்த வெண்கலத்தால் ஆனவை. அவ்வளவு வெள்ளீயம் கலந்தால் உலோகம் கண்ணாடி மாதிரி உடையும். பதமான சூட்டில் வைத்துத் தட்டத் தெரிந்தவர்கள்தான் அதைப் பாத்திரமாக்க முடியும்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனவர்கள் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பார்த்திருப்பீர்கள். காளை இல்லாமல், காளை மேல் கை ஊன்றியது போல் நிற்பாரே, அவர்தான். 1011ஆம் ஆண்டுச் சிலை. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து, 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தது. அதே இடத்தில் ஒரு இரும்புச் சிலை புதைந்திருந்தால் துருப்பொடிதான் மிஞ்சியிருக்கும். சோழர் காலச் சிலைகளைச் சோதித்தவர்கள் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலந்திருப்பதைக் கண்டார்கள். சிலைக்குக் காரீயம் சேர்ப்பதில் தவறில்லை, யாரும் அதில் ரசம் வைக்கப் போவதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

ஈயம் பூசுகிறவர்

இப்போது அடுக்களைக்கு வருவோம். பொங்கலுக்கு வெண்கலப் பானை இருந்தாலும், டெல்டா வீடுகளில் அன்றாட ஆட்சி பித்தளையுடையது. அண்டா, குண்டான், தவலை, தூக்கு எல்லாம் பித்தளை. கும்பகோணத்துப் பாத்திரம் என்றாலே ஒரு பெயர் உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. பளபளவென்று தங்கம் மாதிரி இருக்கும். ஆனால் நம் சமையலில் புளி இல்லாத குழம்பு எத்தனை? மோர், எலுமிச்சை, தக்காளி எதை வைத்தாலும் பித்தளையில் இருக்கும் செம்பு கரைந்து களிம்பு ஏறும். சாப்பிட்டால் குமட்டல், வாந்தி.

அதற்கு மருந்துதான் ஈயம் பூசுவது. எங்கள் அப்பா சிறுவனாக இருந்தபோது ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே வருவாராம். கல்யாணம் நிச்சயமானால் அவருக்குத்தான் முதலில் ஆள் போகுமாம். மரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரி போட்டு மூட்டுவார். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி நெருப்பில் காட்டுவார். சூடேறியதும் நவச்சாரத் தூளைத் தூவுவார், குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும். ஈயக் கட்டியை ஒரு இழுப்பு இழுத்து, துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி மாறிவிடும். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு மேஜிக் ஷோ.

இதில் உள்ள வேதியியல் எனக்குக் கல்லூரியில் படித்தபோதுதான் புரிந்தது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். பித்தளை மேல் படிந்திருக்கும் ஆக்சைடு அழுக்கை அது தின்றுவிடும். சுத்தமான பித்தளையை உருகிய வெள்ளீயம் தொட்டதும், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து நடுவில் ஒரு மெல்லிய சேர்மப் படலம் உண்டாகிறது. அதனால்தான் பெயின்ட் மாதிரி உரியாமல் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளீயத்தின் மேற்பரப்பில் அதன் சொந்த ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத சட்டை மாதிரி மூடிக்கொள்வதால் புளி அதை எளிதில் தொடுவதில்லை. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போகும், மறுபடி பூச வேண்டும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஆகாது என்று 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலேயே சொல்லப்பட்டது.

'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்று பழமொழி சொல்வார்கள். இளித்த பித்தளையின் மானத்தைக் காப்பாற்றியது ஈயம்தான் என்பதை யாரும் சொல்வதில்லை!

ஈயச் சொம்பு ரசம்

பூசுவதற்குப் பதில் பாத்திரத்தையே வெள்ளீயத்தால் செய்தால்? அதுதான் ஈயச் சொம்பு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் ரசத்துக்கென்றே இருக்கும் பாத்திரம்.

விவரம் தெரியாதவர்கள் வைத்தால் அடுப்பிலேயே காணாமல் போய்விடும். ஏனென்றால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. பிறகு எப்படி ரசம் கொதிக்கிறது? சொம்புக்குள் தண்ணீர் இருக்கும்வரை, அது வாங்கும் சூட்டையெல்லாம் தண்ணீர் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் சொம்பும் அதைவிட அதிகம் தாண்டாது. ரசம் வற்றிவிட்டால் கதை முடிந்தது. "முதலில் புளித்தண்ணி, அப்புறம்தான் அடுப்பு" என்று பாட்டி சொல்வதும், தாளிப்பதற்குத் தனிக் கரண்டி வைத்திருப்பதும் இதனால்தான். எண்ணெய் தண்ணீர் மாதிரி 100 டிகிரியில் நிற்காது, வெள்ளீயத்தின் உருகுநிலை வரை ஏறிவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு சொம்பு அப்படிப் போயிருக்கிறது. அத்தை கல்யாணத்துக்கு முன் அடுப்பில் சொம்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாராம். திரும்பி வந்தால் பர்னர் மேல் வெள்ளிக் குளம்!

டின் முதல் எவர்சில்வர் வரை

வெள்ளீயத்தின் பெரிய மார்க்கெட் அடுக்களை அல்ல. 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவை அடைத்து வைக்கும் டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு உலகம் முழுக்கப் பரவியது. நாம் 'டின்' என்று சொல்லும் எண்ணெய் டின்னில் டின் மேல்பூச்சு மட்டும்தான், உள்ளே இரும்பு. அந்தப் பூச்சு கீறினால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

இந்தத் தேவைக்காகத்தான் மலாயாவில் சுரங்கங்கள் பெருகின. அங்கே முதல் ரயில் பாதையே 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு வெள்ளீயம் ஏற்றிப் போகப் போடப்பட்டது. அதன்பின் நம் டெல்டாவிலிருந்து எத்தனையோ பேர் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் வேலைக்கும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1973 வரை அந்தக் கடலில் ஓடியது. கடாரத்துக் கப்பல்கள் போய்வந்த அதே கடல்தான்.

நம் ஊரில் ஈயம் பூசுகிறவரின் குரலை நிறுத்தியது எவர்சில்வர். அதில் உள்ள குரோமியம், தானே ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் படலம் மறுபடி தானே வளர்ந்துவிடும். யாரும் வந்து பூச வேண்டியதில்லை. அண்டாக்கள் பரணுக்கும் பழைய பாத்திரக் கடைக்கும் போயின. வெள்ளீயம் வேறு இடத்துக்குப் போனது. இன்று உலகில் பயன்படும் வெள்ளீயத்தில் சுமார் பாதி, செல்போன், கம்ப்யூட்டர் போன்ற மின்னணுச் சாதனங்களின் பற்றவைப்புக்குத்தான் போகிறது. அதனால் விலையும் ஏறிவிட்டது. அண்மை ஆண்டுகளில் உலகச் சந்தையில் வெள்ளீயம் காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விலை. சொம்பில் காரீயம் கலக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதுச் சொம்பைச் சோதித்தேன்

வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. காரீயம் 11.3. இது போதும் என்று தோன்றியது. சமையல் தராசில் முதலில் சொம்பை எடை போட்டேன். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, அதைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினேன். சொம்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் முழுக்க முக்கிப் பிடித்தேன். அப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை மில்லிதான் உலோகத்தின் கன அளவு. எல்லாம் ஆர்க்கிமிடீஸ் புண்ணியம்.

பாட்டியின் பழைய சொம்பு 874 கிராம். தண்ணீரில் 120. வகுத்தால் 7.28.
புதுச் சொம்பு 1020 கிராம். தண்ணீரில் 116. வகுத்தால் 8.79.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கணக்குப் போட்டால் அந்தச் சொம்பில் எடையில் ஏறக்குறையப் பாதி காரீயமாக இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் அதன் விளிம்பைத் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தது. பழைய சொம்பில் அப்படி விழவில்லை. இதில்தான் அக்கா தன் குழந்தைக்குத் தினமும் ரசம் வைத்திருப்பாள்.

எண்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் அந்தச் சொம்பைத் துடைத்து மறுபடி அதே அலமாரியில் வைத்தார். நான் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். அது தப்பு என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஈயச் சொம்பு வாங்கினால் 'ஈயம்' என்று கேட்காதீர்கள். 'வெள்ளீயம்' என்று கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். வீட்டில் இருப்பதை மேலே சொன்னபடி எடை போட்டுப் பாருங்கள். 7.3க்குப் பக்கத்தில் வராமல் 7.6, 8 என்று போனால் சமையலுக்கு வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கொஞ்சமாகக் கலந்த காரீயத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எவர்சில்வரில் ரசம் வையுங்கள், ருசி கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நல்ல சொம்பாகவே இருந்தாலும் ரசத்தை ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அக்கா இப்போது பாட்டியின் பழைய சொம்பைச் சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பாட்டிதான் கொடுத்தனுப்பினார். "எனக்கு எவர்சில்வர் போதும்டா, குழந்தை நல்ல ரசம் சாப்பிடட்டும்" என்றார். இந்த வாரம் எங்கள் வீட்டில் எவர்சில்வர் ரசம்தான். பாட்டி தட்டில் ஊற்றிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.